மாணவன் யாருடைய பொறுப்பு?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. மலையகத்திலே அம்மொழிக்குப் புதியதொரு பொருளும் உண்டு. வருமானப் படிவம் என்னும் ஏட்டிலே ஒரு குடும்பத்தின் நிலை ஒருவகையாகப் பதிவாகின்றது. லயத்து அடுப்பங்கரையிலே அது வேறுவகையாகத் தோன்றுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுத் தவிப்போர், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி, மூட்டை கட்டி நிற்கும் நம் இளைஞரும் யுவதியருமே ஆவர்.

"உன் தந்தையின் வருமானம் என்ன? தாயின் வருமானம் என்ன?" என்று படிவம் கேட்கிறது. கேள்வி எளியது. ஆனால் அதற்குள்ளே ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. மாணவன் என்பவன் பெற்றோரைத் தங்கி வாழ்பவன், ஆகவே பெற்றோரின் கையில் உள்ள பணமே அவனுடைய பணம் என்பதுதான் அது. இவ்வெண்ணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்துமா? ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே நாம் கற்பிக்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்? இன்று அதனையே சிறிது ஆராய்வோம்.

இலவசக் கல்வியும் இலவசமில்லாச் சோறும்

கலாநிதி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியினால் 1945ஆம் ஆண்டு தொடங்கிய இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கியது. அதன் நிழல் தோட்டத்துப் பிள்ளைகள் மேல் விழுவதற்குப் பல்லாண்டுகள் கழிந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை தோட்ட நிருவாகங்களின் கையிலேயே இருந்தன. இன்று நிலைமை மாறியுள்ளது. பல்கலைக்கழக அனுமதியிலே நாடளாவிய திறமைக்கு 40 வீதமும், மாவட்டங்களுக்கு 55 வீதமும், கல்வி வசதி குன்றிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதமும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அவ்வாறு வசதி குன்றியவையாகக் கொள்ளப்பட்ட மாவட்டங்களே.

ஆகவே வாசல் திறந்திருக்கிறது. கட்டணமும் இல்லை. எனினும் உணவுக்கும், உறையுளுக்கும், பஸ்ஸுக்கும், புத்தகத்துக்கும் இலவசம் என்று எவரும் எழுதி வைக்கவில்லை அன்றோ? பேராதனை அருகில் உள்ளது. யாழ்ப்பாணமும், மட்டக்களப்பும், ஒலுவிலும் அவ்வாறல்ல. விடுமுறைக்கு ஒருமுறை வீடு வந்து மீள்வதே சில நாட் கூலியை விழுங்கிவிடும்.

இச்செலவைத் தாங்குவதற்கே இரு உதவிகள் உள்ளன. ஒன்று, அந்நாளில் வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் உருவாகி, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தினால் நிலைபெற்ற மகாபொல புலமைப்பரிசில். மற்றொன்று, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஏற்பாட்டிற் பல்கலைக்கழகங்கள் வழங்கும் உதவுதொகை. பிள்ளைகள் வாயில் அது 'பேர்சரி'. ஒருவருக்கு இரண்டில் ஒன்றே கிடைக்கும். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவுதொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. பட்டணத்துச் செல்வர்க்கு இது ஒரு மாலைப்பொழுதின் செலவாயிருக்கலாம். லயத்துப் பிள்ளைக்கோ, படிப்பைத் தொடர்வதா, கொழும்புக் கடையொன்றிற் சேர்வதா என்பதைத் தீர்மானிக்கும் தொகை இது.

பிற நாடுகள் கேட்கும் கேள்வி

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே உதவி கோரும் மாணவரை இரு வகுப்பாகப் பிரிக்கின்றனர். ஒருவர் தங்கிவாழும் மாணவர். மற்றவர் சுயாதீன மாணவர். தங்கிவாழ்பவராயின் பெற்றோரின் வருமானமும் கணக்கிலே சேரும். சுயாதீனராயின் அவருடைய வருமானமும், மணமானவராயின் துணைவரின் வருமானமுமே சேரும். 24 வயதை அடைந்தோர், மணமானோர், தாம் பராமரிக்கவேண்டிய பிள்ளைகளை உடையோர், பட்டப்பின் படிப்பு மாணவர், படைச்சேவை புரிந்தோர், 13 வயதின் பின் பெற்றோர் இருவரையும் இழந்த நிலையில் இருந்தோர் ஆகியோர் சுயாதீனர் ஆவர். வீட்டை விட்டு வெளியேறித் தனியே உழைத்து உண்பது மட்டும் போதாது. "என் தந்தை ஒரு சதமும் தரமாட்டேன் என்கிறார்" என்பதும் போதாது. ஏன்? அவ்வாறு ஏற்றுக்கொண்டால் செல்வந்தர் பலர் தம் பிள்ளைகளைக் கையால் மட்டும் கைவிட்டு, அரசின் பணத்தைப் பெற்றுக்கொள்வர் என்னும் அச்சமே காரணம்.

ஆயினும் அந்நாட்டுச் சட்டம் ஒரு பக்கக் கதவையும் வைத்திருக்கிறது. கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய பிள்ளை, பெற்றோர் இருந்தும் இல்லாத பிள்ளை ஆகியோரின் நிலையைக் கல்லூரியின் உதவிப் பண அலுவலர் தனித்து ஆராயலாம். ஆசிரியர், சமயத் தொண்டர் முதலியோரின் கடிதங்களை ஏற்று அவரைச் சுயாதீனராக்கலாம். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இவ்வழியை மேலும் இலகுவாக்கியது. பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களிலே, பிள்ளை யாருடன் வசித்தது என்பதைக் காட்டிலும் யார் கூடிய செலவைத் தாங்கினார் என்பதே நோக்கப்பட வேண்டும் எனவும் விதி மாறியது.

இங்கிலாந்திலே 25 வயதை எல்லையாகக் கொள்கின்றனர். அதற்கு முன்னரே மூன்றாண்டு தம் உழைப்பில் வாழ்ந்தோரும், பெற்றோருடன் தொடர்பு அறுந்தோரும் விலக்குப் பெறுவர். ஜெர்மனியிலே 18 வயதுக்குப் பின் ஐந்தாண்டு உழைத்தவருக்குப் பெற்றோர் வருமானம் கேட்கப்படுவதில்லை. சுவீடன் நாடோ பெற்றோரைப் பற்றிக் கேட்பதே இல்லை. பல்கலைக்கழகம் புகுந்தவர் வளர்ந்த மனிதர். அவருடைய வருமானம் எவ்வளவு என்பது மட்டுமே அந்நாட்டின் கேள்வி. 1980களிலே நம் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் கிடைப்பதற்குத் துணைநின்ற நாடும் அதுவே என்பதை நன்றியுடன் நினைவுகூரலாம்.

இந்தியாவிலே தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு உயர்கல்வி உதவி வழங்கும் திட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு. பெற்றோருள் ஒருவரேனும் உயிருடன் இருக்கும்வரை பெற்றோர் வருமானத்தையே பார்க்கவேண்டும். வீட்டில் உழைக்கும் அண்ணனுடைய வருமானத்தைச் சேர்த்தல் ஆகாது. இருவரும் இறந்திருப்பின், படிப்பைத் தாங்கும் பாதுகாவலரின் வருமானம் நோக்கப்படும். சிறிய விதிதான். ஆனால் எத்தனை வீண் வாதங்களை அது தீர்த்துவிடுகிறது!

லயத்துக் குடும்பத்தின் கணக்கு

இனி நம் மலைக்குத் திரும்புவோம். தோட்டத் தொழிலாளியின் சம்பளம் மாதச் சம்பளம் அன்று. காலையிற் பெரட்டுக்குச் சென்று, நிறுவையிற் கேட்ட கொழுந்தைக் காட்டினால் ஒரு 'பேர்'. குறைந்தால் அரைப்பேர். மழை, பனி, வறட்சி, உடல்நலக் குறைவு, வேலை வழங்காத நாள் எல்லாம் 'செக்ரோல்' ஏட்டிலே வெற்றிடங்களாக நிற்கும். நாட்கூலி 2021ஆம் ஆண்டு 1,000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டு 1,350 ரூபாவாகவும் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது. அத்தொகையை முப்பதாற் பெருக்கி, "மாதம் நாற்பதாயிரம்" என்று எழுதுவோர் உண்டு. முப்பது நாளும் பேர் விழுந்த தொழிலாளியை நாம் கண்டதில்லை.

மாதம் இருபது நாள் வேலை என்று கொள்வோம். 1,000 ரூபாக் கூலியில் கணவன், மனைவி இருவரும் உழைத்தால் ஆண்டுக்கு 480,000 ரூபா. 1,350 ரூபாக் கூலியிலோ 648,000 ரூபா. ஏட்டிலே 168,000 ரூபா கூடிவிட்டது. ஆனால் இவ்விரு நிர்ணயங்களுக்கும் இடையிலேயே 2022ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. கூலி ஏறியபோது அரிசியும், மாவும், மண்ணெண்ணெயும் அதற்கு முன்னரே ஏறிவிட்டன. வருமான எல்லை அசையாது நிற்க, கூலி மட்டும் தாளிலே உயருமாயின், வாழ்வில் யாதொரு வளமும் காணாத குடும்பம் ஒன்று உதவிக்குத் தகுதியற்றதாக மாறிவிடக்கூடும். எல்லையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தல் வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

மற்றொன்றும் உண்டு. படிவம் கேட்பது மொத்த வருமானத்தை. தொழிலாளி அறிந்ததோ கையில் வந்த பணத்தை. சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கோயிற் பணம், முற்பணம், கடன் எனப் பிடிப்புகள் போக மீதியே அவருடைய 'சம்பளம்'. ஒருவர் மீதியை எழுதுகிறார். தோட்ட அலுவலகக் கடிதம் மொத்தத்தைக் காட்டுகிறது. இரண்டும் ஒவ்வாதபோது, பொய் சொல்லாத தந்தை பொய்யராகத் தோன்றுகிறார்.

படிவத்தில் அடங்காத பிள்ளைகள்

இவை எல்லாம் பெற்றோர் இருவரும் வீட்டில் இருக்கும் குடும்பத்தின் தொல்லைகள். அவ்வாறு இல்லாத குடும்பங்கள் எத்தனை! தாய் வளைகுடா நாட்டிலே பணிப்பெண். தந்தை கொழும்பிலே கடைச் சிப்பந்தி. பிள்ளைகளை வளர்ப்பவர் அம்மாயி. இது மலையகத்திற் புதுமையான காட்சி அன்று.

நாம் அறிந்த மாணவி ஒருத்தி உயர்தரத்திலே நல்ல பெறுபேறு பெற்றாள். தாய் வெளிநாடு சென்று ஆண்டுகள் பல. பணம் வருவதும் நின்றுவிட்டது. தந்தை வேறு தோட்டத்தில் வேறு குடும்பத்தோடு வாழ்பவர். அவளை வளர்த்த அம்மாயியோ ஓய்வுபெற்றவர். தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் இல்லை. சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஒருமுறை கிடைத்துத் தீர்ந்துவிடும். ஆகவே அம்முதியவர் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தே பேத்தியைப் படிப்பித்தார். உதவி கோரிச் சென்ற இடத்திலே, "தந்தை உயிருடன் இருக்கிறார், அவருடைய சம்பளச் சீட்டு வேண்டும்" என்றனர். தந்தை சீட்டைத் தர மறுத்தார். "அம்மாயிக்கு உன் மேல் சட்டப்படி என்ன பொறுப்பு?" என்றும் கேட்கப்பட்டது. அப்பெண் விடை கூறவில்லை. பதினெட்டு ஆண்டு சோறூட்டியதைக் காட்டும் பத்திரம் எந்த அலுவலகத்திற் கிடைக்கும்? இறுதியிற் பாடசாலை அதிபரின் கடிதமும், கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும், சத்தியக்கடதாசியும் சேர்ந்து அவளுக்கு வழி திறந்தன. ஆனால் அதற்குள் மாதங்கள் நான்கு கழிந்தன. அந்நான்கு மாதங்களும் அவள் உண்டது, உடன்கற்றோர் பகிர்ந்த சோறு.

இன்னொரு வகையினர் வீட்டைத் தாங்கும் பிள்ளைகள். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகக் கதவு திறக்கும்வரை ஓராண்டோ, அதற்கு மேலோ செல்கிறது. அக்காலத்திலே நம் இளைஞர் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கடைகளிலே நின்று உழைத்து, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். அதிலேதான் தம்பிக்குச் சப்பாத்தும், தங்கைக்குக் கொப்பியும் வாங்கப்படுகின்றன. அவ்விளைஞன் பல்கலைக்கழகம் புகும் நாளிலே குடும்பத்துக்கு இரட்டை இழப்பு: அவன் அனுப்பிய பணம் நிற்கிறது, அவனுக்கு அனுப்பவேண்டிய செலவு பிறக்கிறது. படிவத்தின் கண்ணுக்கு அவன் பெற்றோரைத் தங்கி வாழ்பவன். உண்மையில் பெற்றோரன்றோ அவனைத் தங்கி வாழ்ந்தனர்!

சுயாதீனம் என்னும் சொல்

அப்படியாயின், மேல்நாட்டு முறைப்படி குறித்த வயதில் எல்லோரையும் சுயாதீனர் என்று அறிவித்துவிடலாமா என்று வாசகர் வினவக்கூடும். நாம் அதனை விரும்பவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, பெற்றோர் வருமானத்தை நோக்காவிடில் வறியவர்க்கென வைத்த சிறு நிதி வசதியுடையோருக்கும் பங்கிடப்பட்டுவிடும். சுவீடனிடம் உள்ள செல்வம் நம்மிடம் இல்லை. இரண்டாவது, நம் குடும்ப ஒழுங்கிலே பதினெட்டு வயது என்பது உறவை அறுக்கும் கத்தி அன்று. பிள்ளை படித்து முடிக்கும்வரை தாய் தாங்குவதும், அதன்பின் தாயைப் பிள்ளை தாங்குவதும் நம் வழக்கம். இதனை இழிவென்று கருதவேண்டியதில்லை.

வேண்டுவது வேறொன்று. பெற்றோர் யார் என்னும் கேள்விக்கு அடுத்தபடியாக, "கடந்த மூன்றாண்டுகளில் இம்மாணவரின் செலவை உண்மையில் தாங்கியவர் யார்?" என்னும் கேள்வியும் படிவத்திலே தெளிவாக இடம்பெறல் வேண்டும். விடை அம்மாயி எனின் அம்மாயியின் வருமானமே பார்க்கப்படட்டும். விடை 'நானே' எனின் அதற்கும் ஓர் இடம் இருக்கட்டும். பெற்றோர் கைவிட்ட பிள்ளைக்கு அதிபரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை ஆகிய இரண்டும் போதும் என நாடெங்கும் ஒரே விதி வேண்டும். ஓர் அலுவலரின் இரக்கத்தை நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலம் தொங்குதல் முறையன்று. விசாரணை நடக்கும் காலத்திலே தற்காலிகமாக உதவியை வழங்கி, பின்னர் தகுதியில்லை எனக் கண்டால் மீளப் பெறுவதும் நியாயமே. பசி விசாரணை முடியும்வரை காத்திருப்பதில்லை.

வீட்டிலே செய்யத்தக்கவை

விதி மாறும்வரை நாம் கைகட்டி இருத்தல் ஆகாது. உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள பெற்றோருக்குச் சில கூறுவோம்.

சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். பன்னிரண்டு மாதச் சீட்டுகளை ஒரு நூலிற் கோத்து வையுங்கள். மொத்தம் எது, பிடிப்பு எது, மீதி எது என்று பிள்ளையே கணக்கிட்டு எழுதட்டும். படிவத்திலே மொத்தம் கேட்டால் மொத்தத்தையே எழுதுங்கள். கைக்காசு வருமானம் இருப்பின் அதையும் மறைக்காதீர்கள். பொய்க் கணக்கு பின்னர் வெளிப்பட்டால், பெற்ற உதவியையும் நற்பெயரையும் ஒருங்கே இழக்க நேரும்.

பெயர்களைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்பது தோட்டங்களிலே தலைமுறைத் துன்பம். கடைசி வாரத்திலே அதைத் திருத்த முற்பட்டால் திகதி கடந்துவிடும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இக்காரியத்தைத் தொடங்குதல் நன்று.

தந்தையோ தாயோ இறந்திருப்பின் மரணச் சான்றிதழையும், பிரிந்திருப்பின் நீதிமன்றக் கட்டளையையும், கட்டளை இல்லையேல் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக்கடதாசியையும் ஆயத்தமாக வையுங்கள். வளர்ப்பவர் பாட்டனோ பாட்டியோ எனின், பாடசாலைப் பதிவேட்டிலே பாதுகாவலராக அவர் பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்திற் பெரும் சாட்சியாவது அந்த ஒரு வரியே.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனத் தனியே ஓர் உதவியும் உண்டு. இந்திய அரசினால் 1947ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், உயர்தர மாணவர்க்கும் பல்கலைக்கழக மாணவர்க்கும் புலமைப்பரிசில் வழங்கி வருகிறது. விண்ணப்பம் கோரும் காலத்தைக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் அறியலாம். ஆசிரியர்கள் இதனை வகுப்பறைகளிலே எடுத்துரைப்பது கடமை. தகுதியிருந்தும் அறியாமையால் விண்ணப்பியாத பிள்ளை, தகுதியற்ற பிள்ளையைக் காட்டிலும் பரிதாபத்துக்குரியது.

மாணவருக்கு ஒரு சொல்: படிவத்திலே தாயின் தொழிலுக்கு நேரே 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதும்போது உங்கள் பேனா தயங்கவேண்டாம். இலவசக் கல்வியை நடத்தும் நாட்டின் பொக்கிஷத்துக்கு, மூன்று, நான்கு தலைமுறைகளாகத் தேயிலைக் கூடையிலே பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள். நீங்கள் கோரும் உதவி, அவர்கள் கொடுத்ததிலே ஒரு சிறு பங்கின் மீட்சியே. அதைக் கேட்டுப் பெறுங்கள். பெற்றதைக் கொண்டு படித்து முடியுங்கள். முடித்தபின், படிவம் நிரப்பத் தெரியாது நிற்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு மாலை உட்காருங்கள்.